கலப்புத் தற்காப்புக் கலை: அதற்குள் இருக்கும் சண்டை முறைகள் எவை?

ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் எம்மவர் வீடுகளில் 'எம்எம்ஏ' என்ற சொல் இப்போது அடிக்கடி கேட்கிறது. பிள்ளை கராத்தே வகுப்புக்குப் போகிறது என்றால் பெற்றோருக்கு விளங்கும். எம்எம்ஏ பழகப் போகிறேன் என்றதும் திகைத்துப் போகிறார்கள். கைத்தொலைபேசியில் அவர்கள் கண்டது ஒரு கூண்டு, இரத்தம், விழுந்து கிடப்பவனின் நெஞ்சில் ஏறியிருந்து குத்துகிற இன்னொருவன். சண்டை என்ற சொல்லையே வாழ்நாளுக்கும் போதுமான அளவு கேட்டுவிட்டு வந்த ஒரு தலைமுறைக்கு அந்தக் காட்சி பிடிக்காமல் போவதில் வியப்பில்லை.

நான் ரொறன்ரோவில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சில ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். போட்டிகளில் இறங்கியதில்லை. உறவினர்களும் நண்பர்களும், ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுபவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அங்கே என்னதான் பழக்குகிறார்கள்? அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலாக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் எங்கிருந்து வந்தது, அது எதைத் தருகிறது, எதைத் தராது, யார் கவனமாக இருக்க வேண்டும் என்பவை இதில் இருக்கின்றன.

மூன்று தூரங்கள்

கலப்புத் தற்காப்புக் கலை என்பது தனியான ஒரு கலையல்ல. பல நாடுகளில், பல காலங்களில் வளர்ந்த சண்டை முறைகள் ஒரே விதிகளுக்குள் சந்திக்கிற இடம் அது. இதை விளங்கிக்கொள்ள இலகுவான வழி தூரத்தை வைத்துப் பார்ப்பது.

முதலாவது, இருவரும் விலகி நின்று கையாலும் காலாலும் அடிக்கும் தூரம். குத்துச்சண்டை, முவே தாய், கராத்தே, தேக்குவாண்டோ ஆகியவை இங்கே பயன்படும். இரண்டாவது, இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து நிற்கும் தூரம். மல்யுத்தமும் யூடோவும் இங்கே ஆட்சி செய்கின்றன. மூன்றாவது நிலம். விழுந்த பிறகு யார் மேலே, யார் கீழே, யார் யாரின் கழுத்தையோ மூட்டையோ பிடிக்கிறார் என்பதே அங்கு கணக்கு. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவும் சாம்போவும் இதில் தேர்ந்தவை.

இந்த மூன்று தூரங்களில் ஒன்றை மட்டும் அறிந்தவர், மற்ற இரண்டிலும் ஒன்றும் தெரியாதவர் போலாகிவிடுவார். இந்த உண்மை உலகத்துக்குத் தெரியவந்த நாள் ஒன்று உண்டு.

டென்வர், 1993

1993 நவம்பர் 12 ஆம் திகதி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்தின் ஓர் உள்ளரங்கில் யூஎஃப்சி என்ற போட்டி முதன்முறையாக நடந்தது. எட்டுப் பேர், எட்டு விதமான பின்னணிகள். எடைப் பிரிவு இல்லை, புள்ளி போடும் நடுவர்கள் இல்லை. கடிப்பது, கண்ணைத் தோண்டுவது போன்ற ஒருசிலவற்றைத் தவிர வேறு தடையும் இல்லை. எந்தச் சண்டை முறை சிறந்தது என்று பார்ப்பதே நோக்கம்.

முதல் மோதலில் சுமோ வீரர் ஒருவர் கீழே தடுமாறியபோது, பிரெஞ்சு உதைச்சண்டையான சவாத் பழகிய ஜெரார்ட் கோர்டோ அவரது முகத்தில் உதைத்தார். பல் பறந்தது. அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஆனால் அன்றிரவு வென்றவர் கோர்டோ அல்ல. ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள, மெலிந்த தோற்றமுடைய பிரேசில் நாட்டவரான ரோய்ஸ் கிரேசி மூன்று பேரை அடுத்தடுத்து வென்றார். மூன்றுக்கும் சேர்த்து அவருக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடங்களே தேவைப்பட்டன. அவர் யாரையும் அடித்து வீழ்த்தவில்லை. கட்டிப்பிடித்து நிலத்துக்குக் கொண்டுபோய், எதிராளி கையால் தட்டி 'போதும்' என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்தார். ஒரு கையில் மட்டும் குத்துச்சண்டை உறை அணிந்து வந்த ஆர்ட் ஜிம்மர்சன், நிலத்தில் கிரேசியின் எடைக்குக் கீழே அகப்பட்டதுமே தட்டிவிட்டார். அவர் தேர்ந்த குத்துச்சண்டை வீரர். ஆனால் நிலத்தில் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அன்றைய விதிகள் கொடூரமாக இருந்தன என்பது உண்மை. 1996 இல் அமெரிக்க செனட்டர் ஜோன் மக்கெயின் இதை மனிதச் சேவல் சண்டை என்று கண்டித்தார். பல மாநிலங்கள் தடை விதித்தன. அதன் பின்னரே எடைப் பிரிவுகள், கையுறைகள், சுற்றுகள், தடைசெய்யப்பட்ட அடிகள் என்று ஒழுங்கு வந்தது. 2001 இல் நியூ ஜேர்சி மாநிலம் ஏற்றுக்கொண்ட பொது விதிகளே இன்று பெரும்பாலான இடங்களில் வழக்கில் இருக்கின்றன. ஒரு சுற்று 5 நிமிடங்கள். சாதாரண போட்டிக்கு மூன்று சுற்றுகள், பட்டத்துக்கான போட்டிக்கு ஐந்து. பிடரியில் அடிப்பது, முதுகெலும்பில் அடிப்பது, நிலத்தில் இருப்பவரின் தலையில் உதைப்பது, விரல்களை முறிப்பது ஆகியவை தடை. நியூயோர்க் மாநிலம் 2016 இலும் பிரான்ஸ் 2020 இலும்தான் தொழில்முறைப் போட்டிகளுக்கு வழிவிட்டன.

குத்துச்சண்டை

கைகளை மட்டும் பயன்படுத்தும் இந்த முறையின் நவீன விதிகள் 1867 இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்டவை. கலப்புப் பயிற்சிக்கு இது தருவது குத்து மட்டுமல்ல. கால் வைப்பு, தலையை அசைத்து அடியைத் தவறவிடுதல், எதிராளியின் தூரத்தைக் கண்ணால் அளத்தல் ஆகியவையும் இதிலிருந்தே வருகின்றன. எங்கள் கூடத்தில் புதிதாக வருபவருக்கு முதல் சில வாரங்கள் கால் வைப்பிலேயே போகும்.

அப்படியே கூண்டுக்குள் கொண்டுபோக முடியாத பகுதிகளும் இதில் உண்டு. குத்துச்சண்டை வீரர் முன்காலில் பாரத்தைப் போட்டுக் குனிந்து அடியைத் தவிர்ப்பார். இங்கே அந்த முன்கால் உதைபடும். குனிந்த தலைக்கு முழங்கால் வரும். கையுறையும் வேறு. குத்துச்சண்டைப் போட்டியில் 8 முதல் 10 அவுன்ஸ் உறை. இங்கே விரல்கள் வெளியே தெரியும் ஏறத்தாழ 4 அவுன்ஸ் உறை. பெரிய உறைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளும் பழக்கம் இதில் உதவாது.

முவே தாய்

தாய்லாந்தின் தேசிய விளையாட்டு இது. இரண்டு கைமுட்டி, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கீழ்க்கால் என எட்டு உறுப்புகளின் கலை என்று சொல்வார்கள். பாங்கொக்கின் ராஜடம்னேன் அரங்கு 1945 முதலும், லும்பினி அரங்கு 1956 முதலும் இதன் பெரிய மேடைகள். போட்டிக்கு முன் வீரர் தன் ஆசிரியரை வணங்கி, குழலும் மத்தளமும் ஒலிக்க மெதுவாக ஆடுவார். எமது கலை மரபில் குருவணக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இதிலிருந்து கலப்புப் பயிற்சிக்கு வந்த முக்கியமான பொருள்கள் இரண்டு. ஒன்று, தொடையிலும் கெண்டைக்காலிலும் விழும் தாழ்ந்த உதை. இரண்டாவது, எதிராளியின் கழுத்தை இரு கைகளாலும் பிடித்து இழுத்து முழங்காலால் இடிப்பது. உதைப்பவருக்கும் ஆபத்து உண்டு. 2013 டிசம்பரில் நீண்டகால வாகையரான அண்டர்சன் சில்வா உதைத்தபோது, எதிராளி கிறிஸ் வைட்மன் தன் காலை உயர்த்தித் தடுத்தார். முறிந்தது சில்வாவின் கால்.

கராத்தே, தேக்குவாண்டோ

எம்மவருக்கு மிகவும் பழக்கமானது கராத்தே. ஒக்கினாவாத் தீவுகளில் வளர்ந்து, 1922 இல் ஃபுனகோஷி கிச்சின் வழியாக ஜப்பானின் தலைநகருக்குப் போய், பின்னர் உலகெங்கும் பரவியது. எமது நகரங்களிலும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் வெள்ளை உடையோடு பிள்ளைகள் வரிசையில் நின்று பழகுவதை எல்லோரும் கண்டிருப்போம்.

தொலைவில் நின்று, ஒரே பாய்ச்சலில் உள்ளே போய் அடித்துவிட்டு வெளியே வருவது கராத்தேயின் பலம். 2009 இல் யூஎஃப்சி பட்டம் வென்ற லியோட்டோ மச்சீடா தந்தையிடம் சிறுவயது முதல் கராத்தே பழகியவர். அவரது தூரத்தைக் கணிக்க முடியாமல் பலர் தடுமாறினார்கள்.

ஒரு கலையின் போட்டி விதி அந்தக் கலைஞரின் உடம்பில் எப்படிப் பதிந்துவிடுகிறது என்பதையும் இங்கேதான் தெளிவாகக் காணலாம். கியோகுஷின் என்ற கராத்தே வகை மிகக் கடுமையானது. ஆனால் அதன் போட்டிகளில் கையால் முகத்தில் குத்துவது தடை. அதனால் அதில் பழகியவர் நெஞ்சைக் காப்பார், முகத்தைத் திறந்து வைத்திருப்பார். தேக்குவாண்டோவில் உதைக்கே அதிக புள்ளி. அதனால் கைகள் தாழ்ந்திருக்கும். கலைஞர் திறமையற்றவர் என்பதல்ல இதன் பொருள். தினமும் எதைப் பழகுகிறோமோ அதுவே அவசர நேரத்தில் வெளியே வரும்.

மல்யுத்தம்

நவீன ஒலிம்பிக் 1896 இல் தொடங்கியபோதே மல்யுத்தம் அதில் இருந்தது. இடுப்புக்கு மேலே மட்டும் பிடிக்கும் கிரேக்க-ரோம முறை, கால்களையும் பிடிக்கும் சுதந்திர முறை என இரண்டு. அமெரிக்கப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மூன்றாவதாக ஒரு வகை வளர்ந்தது. எதிராளியை நிலத்தில் அமுக்கி எழும்ப விடாமல் வைத்திருப்பதற்கு அதில் மதிப்பு அதிகம்.

கலப்புப் போட்டியில் மல்யுத்தத்தின் பலம் எளிமையானது. சண்டை எங்கே நடக்க வேண்டும் என்பதை மல்யுத்த வீரரே தீர்மானிப்பார். நிற்க விரும்பினால் எதிராளி அவரை வீழ்த்த முடியாது. வீழ்த்த விரும்பினால் எதிராளி நிற்க முடியாது. 1996 இல் வந்த மார்க் கோல்மன், வீழ்த்தி மேலே இருந்து அடிக்கும் முறையால் பலரை வென்றார். இதன் குறை, வெறும் மல்யுத்தத்தில் கழுத்து நெரிப்பும் மூட்டு முறுக்கும் இல்லை என்பது. முதுகு நிலத்தில் படக்கூடாது என்று பழகியவர் அதற்காகக் குப்புறத் திரும்பும்போது கழுத்தைக் கொடுத்துவிடுவார்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே வளர்ந்த 'கட்ச்' மல்யுத்தம் இதற்கு விதிவிலக்கு. அதில் மூட்டுப் பிடிகள் நிறைய. விகன் நகரில் பில்லி ரைலி நடத்திய கூடத்தில் பழகியவர்கள் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள்.

யூடோ

எனக்கு இந்தக் கட்டுரையில் மிக முக்கியமாகப் படுகிற பகுதி இதுதான். 1882 இல் டோக்கியோவின் ஒரு பௌத்த ஆலயத்தில், 12 பாய்கள் விரித்த அறையில் கானோ ஜிகோரோ என்ற 21 வயது இளைஞர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். போர் வீரர்களின் பழைய ஜியுஜுட்சுக் கலைகளைக் கற்ற அவர், அவற்றிலிருந்த மிக ஆபத்தான அடிகளையும் முறிப்புகளையும் தினசரிப் பயிற்சியிலிருந்து அகற்றினார். எஞ்சியவற்றைக் கொண்டு இருவர் முழுப் பலத்தோடு, உண்மையாக எதிர்த்துப் பழகும் 'ரண்டோரி' என்ற பயிற்சியை நடுவில் வைத்தார்.

கொல்லக்கூடிய வித்தையை வைத்திருந்தவர்கள் அதைத் தோழனின் மேல் ஒருபோதும் முழுமையாகப் பழக முடியவில்லை. பாவனையாகவே செய்தார்கள். கானோவின் மாணவர்களோ தினமும் நூறு தடவை உண்மையாக எறிந்தார்கள், எறியப்பட்டார்கள், எழுந்து மறுநாளும் வந்தார்கள். ஆபத்தைக் குறைத்த கலையே உண்மையில் பயன்படும் கலையாயிற்று. குத்துச்சண்டை, மல்யுத்தம், முவே தாய், ஜியு-ஜிட்சு என்று கலப்புப் பயிற்சியில் நிலைத்தவை எல்லாம் இந்த ஒரு குணத்தில் ஒற்றுமையானவை: தோழனைக் கெடுக்காமல் தினமும் முழு எதிர்ப்போடு பழகலாம்.

யூடோவில் முதல் பாடம் விழக் கற்றுக்கொள்வது. நாடியை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை அறைந்து, தலை படாமல் விழ வேண்டும். வயது போனவர்களுக்கும் வீட்டில் வழுக்கி விழும்போது உதவக்கூடிய ஒரே பாடம் இது என்று நான் நினைப்பதுண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் யூடோ சேர்க்கப்பட்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ரொண்டா ரௌசி, பின்னர் யூஎஃப்சியின் முதல் பெண் வாகையரானார். எறிந்து கையை மடக்கும் அவரது முறையை பல ஆண்டுகள் யாராலும் தடுக்க முடியவில்லை. 2015 நவம்பரில் மெல்பேர்னில், குத்துச்சண்டையிலிருந்து வந்த ஹொலி ஹோம் அவரைக் கிட்ட நெருங்க விடாமல் தொலைவில் வைத்தே அடித்து, ஓர் உதையோடு முடித்தார். தூரத்தின் பாடம் அது.

பிரேசிலிய ஜியு-ஜிட்சு

கானோவின் பள்ளியில் பழகிய மயேதா மிட்சுயோ நாடு நாடாகச் சென்று போட்டியிட்டு, 1914 இல் பிரேசிலை அடைந்தார். அங்கே பெலெம் நகரில் அவரிடம் பழகியவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸும் தம்பி ஹேலியோவும் நிலத்தில் நடக்கும் பகுதியைத் தனியாக எடுத்து வளர்த்தார்கள். கீழே கிடப்பவர் தோற்றவர் என்ற எண்ணத்தை மாற்றியது இந்தக் கலை. முதுகு நிலத்தில் இருக்க, இரு கால்களாலும் எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, அங்கிருந்தே அவரது கழுத்தையோ கையையோ பிடிக்கலாம். உடம்பில் சிறியவருக்கு இது பெரிய துணை.

1951 ஒக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கில் ஹேலியோ, ஜப்பானிய யூடோ வீரர் கிமுரா மசஹிகோவை எதிர்கொண்டார். கிமுரா அவரது கையை முதுகுப்பக்கமாக மடக்கி முறுக்கினார். ஹேலியோ தட்ட மறுத்தார். அண்ணன் கார்லோஸ் துவாயை எறிந்து நிறுத்தினார். தோற்ற அந்தக் குடும்பம், தங்களைத் தோற்கடித்த பிடிக்கு வென்றவரின் பெயரையே வைத்தது. இன்று உலகெங்கும் அந்தப் பிடிக்கு 'கிமுரா' என்றே பெயர்.

ஜியு-ஜிட்சுவின் குறை, அடி இல்லாமலே பழகப்படுவது. பாயில் வசதியாகத் தோன்றும் சில நிலைகள், மேலிருந்து குத்து விழத் தொடங்கியதும் வசதியற்றவையாகிவிடும்.

சாம்போ

'ஆயுதமற்ற தற்காப்பு' என்ற பொருள் தரும் ரஷ்யச் சொற்களின் சுருக்கமே சாம்போ. யூடோவும் சோவியத் நாட்டு மக்களின் பல்வேறு மல்யுத்தங்களும் சேர்ந்து உருவானது. இதன் முன்னோடிகளில் ஒருவரான வசிலி ஓஷ்செப்கோவ், டோக்கியோவில் கானோவின் பள்ளியிலேயே பழகியவர். ஜப்பானோடு அவருக்கு இருந்த அந்தத் தொடர்பே அவருக்கு வினையாயிற்று. 1937 இல் உளவாளி என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு, சில நாட்களிலேயே சிறையில் இறந்தார். அடுத்த ஆண்டு, 1938 இல் சாம்போ அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டாயிற்று. அவரது பெயரோ நீண்ட காலம் பேசப்படவில்லை. ஆளை அழித்து, அவர் தந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும் அரசுகளின் வழக்கம் எமக்குத் தெரியாததல்ல.

எறிதலிலிருந்து கால் முறுக்குக்கு இடைவெளியின்றிப் போவது சாம்போவின் சிறப்பு. அதன் போர் வகையில் அடிகளும் உண்டு. அதனால் இங்கிருந்து வருபவர்களுக்கு மூன்று தூரங்களும் ஏற்கனவே பழக்கம். தாகெஸ்தானின் கபீப் நுர்மகொமெதோவ் 29 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல் 2020 இல் ஓய்வு பெற்றார்.

எமது சிலம்படியும் குத்துவரிசையும்?

இதையும் என்னிடம் கேட்பார்கள். சிலம்பு ஆயுதக் கலை. கூண்டில் ஆயுதம் இல்லை. ஆனால் சிலம்படி பழகியவரின் கால் வைப்பும் தூரக் கணிப்பும் எந்தக் கூடத்திலும் உதவும். குத்துவரிசை போன்ற வெறுங்கை முறைகளைப் பொறுத்தவரை, கானோவின் கேள்வியையே கேட்க வேண்டும்: முழுமையாக எதிர்க்கும் ஒருவரோடு இதை வாரத்துக்கு எத்தனை தடவை பழகுகிறோம்? வரிசையை மட்டும் ஆடிக் காட்டினால் அது அழகான கலையாக, மரபாக நிலைக்கும். அதுவும் மதிப்புக்குரியதே. சண்டைக்கு உதவ வேண்டுமானால் எதிர்ப்போடு பழகும் வகுப்பும் வேண்டும்.

எப்படிக் கலக்கிறார்கள்?

பிரான்சிஸ் நகானுவின் கதை இதற்கு நல்ல உதாரணம். கமரூனில் வறுமையில் பிறந்து, சிறுவயதில் மணல் அகழும் இடத்தில் வேலை செய்தவர். பாலைவனம் கடந்து மொரோக்கோவுக்கும், கடல் வழியாக ஸ்பெயினுக்கும் போனார். அங்கே தடுத்து வைக்கப்பட்டு, பின்னர் 2013 இல் பாரிசுக்கு வந்து தெருவில் உறங்கினார். குத்துச்சண்டை வீரராக வேண்டும் என்பதே அவரது எண்ணம். பாரிசில் ஒரு பயிற்சிக்கூடம் அவரைக் கலப்புக் கலைக்குள் கொண்டுவந்தது.

அவரது குத்துக்கு முன் எவரும் நிற்கவில்லை. 2018 ஜனவரியில் மல்யுத்தம் நன்கு தெரிந்த ஸ்டீப் மியோசிச், அவரைத் திரும்பத் திரும்ப நிலத்துக்குக் கொண்டுபோய் ஐந்து சுற்றுகளிலும் களைக்கச் செய்து வென்றார். நகானு மல்யுத்தம் பழகினார். 2021 மார்ச்சில் அதே மியோசிச் அவரை வீழ்த்த முயன்றபோது தடுத்து நின்று, இரண்டாம் சுற்றில் வென்று பட்டத்தைப் பெற்றார். 2022 ஜனவரியில் சிரில் கான் என்ற தேர்ந்த உதைச்சண்டை வீரரை, தானே வீழ்த்தி நிலத்தில் அமுக்கி வென்றார். தன்னைத் தோற்கடித்த வித்தையைக் கற்றுத் தனதாக்கிக்கொண்டார்.

சாதாரண பயிற்சிக்கூடத்தில் ஒரு வாரம் இப்படிப் போகும்: இரண்டு நாட்கள் நின்று அடிக்கும் பயிற்சி, இரண்டு நாட்கள் நிலத்துப் பயிற்சி, ஒரு நாள் மல்யுத்தம், ஒரு நாள் எல்லாவற்றையும் இணைத்துச் சுவரோரமும் கூண்டோரமும் பழகுவது. என்னைப் போன்ற வேலைக்குப் போகும் மனிதர்கள் இதில் மூன்று நாட்களுக்குப் போனாலே பெரிய காரியம்.

தட்டினால் விட வேண்டும்

எல்லா முறைகளுக்கும் பொதுவாக முதல் நாளே சொல்லித் தரப்படும் விதி ஒன்று உண்டு. தோழனின் உடம்பிலோ பாயிலோ கையால் இரண்டு மூன்று தடவை தட்டினால், அந்தக் கணமே பிடியை விட வேண்டும். கை அகப்பட்டிருந்தால் வாயால் சொல்லலாம், காலால் தட்டலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கழுத்துப் பிடியில் சில வினாடிகளில் மயக்கம் வரும். அதனால் வீரம் காட்டாமல் முன்கூட்டியே தட்டப் பழக்குவார்கள்.

இதை நான் சும்மா எழுதவில்லை. முதல் மாதங்களில், ஒருவர் என் நெஞ்சின் மேல் தன் முழுப் பாரத்தையும் வைத்தபோது எனக்குப் பதுங்கு குழி நினைவுக்கு வந்தது. ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்து, எழும்பவும் முடியாமல் கிடந்த பொழுதுகள். எனக்கு வலி எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் தட்டினேன். அவர் உடனே எழும்பிவிட்டார். பயிற்றுநர் தண்ணீர் குடிக்கச் சொன்னார், மறுபடி வர விரும்பினால் பக்கவாட்டுப் பிடியிலிருந்து தொடங்கலாம் என்றார். அதன் பின்னரும் பல தடவை தட்டியிருக்கிறேன். நான் போதும் என்றதும் மற்றவர் நிறுத்துவார் என்ற உறுதி இருந்ததாலேயே அந்த நிலையில் சிறிது சிறிதாக அதிக நேரம் இருக்கப் பழகினேன். போரில் எங்களுக்குக் கிடைக்காதது அந்த உறுதிதான்.

இது மனக்காயத்துக்கான சிகிச்சை என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு இது பழைய நினைவுகளைக் கிளறலாம். இரவுத் தூக்கம் கெடுகிறது, பதற்றம் கூடுகிறது என்றால் பயிற்சியை நிறுத்தி, உளநல மருத்துவரையோ ஆற்றுப்படுத்துநரையோ பார்ப்பதே முறை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

உடம்பில் செல் துண்டுகளோ சன்னங்களோ இன்னும் இருப்பவர்கள், முன்பு தலையில் அடிபட்டவர்கள், எலும்புகளுக்குத் தகடு வைத்தவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். துண்டு எங்கே இருக்கிறது என்பதைப் பயிற்றுநருக்கும் தோழருக்கும் சொல்லுங்கள். தலையில் அடிபட்ட வரலாறு இருந்தால் குத்தும் உதையும் உள்ள பயிற்சி வேண்டாம்.

கை கால் இழந்தவர்களுக்கு இந்தக் கதவு மூடியதல்ல. அமெரிக்கரான நிக் நியூவெல், இடது முழங்கைக்குக் கீழே கை இல்லாமல் பிறந்தவர். பாடசாலையில் மல்யுத்தம் பழகி, 2012 இல் எக்ஸ்எஃப்சி என்ற போட்டியின் பட்டத்தை வென்றார்.

மூளைக்கு ஏற்படும் தீங்கு இந்த விளையாட்டின் மிகப் பெரிய ஆபத்து. மயங்கி விழுந்தால் மட்டுமே தீங்கு என்பதல்ல. சிறிய அடிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நினைவையும் மனநிலையையும் பாதிக்கக்கூடும். அதனால் நல்ல கூடங்களில் தலைக்குக் கடுமையாக அடித்துப் பழகுவது அரிது. அடுத்த ஆபத்து எடை குறைப்பு. போட்டிக்கு முன் உடம்பிலுள்ள நீரை வற்றச் செய்து எடை காட்டும் வழக்கம் உண்டு. 2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த போட்டிக்கு முன் 21 வயதுச் சீன வீரர் ஒருவர் அப்படி இறந்தார். வளரும் பிள்ளைக்கு எடையைக் குறைக்கச் சொல்லும் பயிற்றுநரிடமிருந்து பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள்.

பிள்ளையைச் சேர்க்க முன்

சிறுபிள்ளைகளுக்கு யூடோ, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு ஆகியவற்றில் ஒன்றோடு தொடங்குவது நல்லது. தலைக்கு அடி இல்லை, விழவும் எழவும் பழகுவார்கள், மற்றவரின் உடம்பைக் கவனமாகக் கையாளவும் பழகுவார்கள். பதின்ம வயதில் குத்துச்சண்டையோ முவே தாயோ சேர்க்கலாம். பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதானால், பெண்கள் எத்தனை பேர் பழகுகிறார்கள், பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை இருந்து பாருங்கள். பயிற்றுநர் எத்தனை பட்டம் வென்றவர் என்பதைவிட, பழைய மாணவர்கள் புதியவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பாரமானவர் மெலிந்தவரை நசுக்குகிறாரா? தட்டிய பிறகும் ஒரு வினாடி பிடித்து வைத்திருக்கிறாரா? அப்படி நடந்தும் பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் நின்றால், அடுத்த தெருவிலிருக்கும் கூடத்தைத் தேடுங்கள்.